நீங்க எந்தத் தோட்டம்?

எனக்கு இன்டர்வியூ என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர நானும் இன்டர்வியூ கொடுத்தவள்தான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடையாள அட்டையை, அதுதான் ஐசியைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு புத்தகத்தை விரித்து நிறம் தெரிகிறதா என்றார்கள், சொன்னேன். இரவு ஷிப்டுக்கு வருவாயா என்றார்கள், வருவேன் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். இன்டர்வியூ என்றால் அவ்வளவுதான். கேட்கிறவர்கள் கேட்பார்கள், சொல்கிறவள் சொல்வாள், எழுந்து வீட்டுக்கு வருவாள்.

என் மகள் ரூபினிக்கு வந்ததே ஓர் இன்டர்வியூ, அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் பரீட்சையை முடித்துவிட்டு அவள் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் நான் அமெரிக்கக் காலேஜ் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலேஜுக்கு ஒரு நல்ல குணம். ஒரு பிள்ளையைப் பிடித்துப்போனால், இல்லாத வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், படிப்பு, சாப்பாடு, தங்க இடம், விமான டிக்கெட் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ரூபினி கேட்டது உயிரியல், கிடைத்தது கணக்கியல். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கரங்கானில் ஒரு கிளினிக் கவுண்டரில் மருந்துப் பாக்கெட்டில் பெயர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமெரிக்கக் காலேஜும் இல்லை என்று ஆகிவிட்டால், அடுத்தது என் பக்கத்தில் நீல அங்கியை மாட்டிக்கொண்டு லைனில் நிற்க வேண்டியதுதான். நான் அந்த அங்கிக்குள் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறேன். என் பிள்ளையும் அதற்குள் வரக் கூடாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஈமெயில் வந்தது. காலேஜிலிருந்து அல்ல, வால்டர் என்கிற ஒருவரிடமிருந்து. அவர் முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே காலேஜில் படித்தவராம். இப்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறாராம். காலேஜ் சார்பாக ரூபினியைச் சந்தித்துப் பேசுவாராம், பேசிவிட்டு அவளைப் பற்றி அங்கே எழுதி அனுப்புவாராம்.

எனக்குக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்தது. படித்து முடித்துப் போன மனிதருக்கு அந்தக் காலேஜில் இன்னும் என்ன வேலை? நான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று என்னை யாராவது கூப்பிட்டுக் கேட்கிறார்களா? பழைய மாணவர்கள்தான் பேசுவார்கள், அது அவர்கள் வழக்கம் என்றாள் ரூபினி. இதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டேன். கிடையாதாம். சம்பளம் இல்லாமல் ஒரு மனிதர் தன் ஞாயிற்றுக்கிழமையை யாரோ பெற்ற பிள்ளைக்காக ஒதுக்குகிறார் என்றால் எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் பரஞ்சோதி நம்பவே இல்லை. அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஏமாந்த கதை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள் போலிருக்கிறது. இது ஸ்கேம்தான், பேங்க் நம்பரைக் கொடுத்துவிடாதே என்றார். அவர் பேங்க் நம்பரே கேட்கவில்லை என்றாள் ரூபினி. கேட்காமல் இருப்பதுதான் அவன் சாமர்த்தியம் என்றார் இவர். காலேஜுக்கே எழுதிக் கேட்டு, ஆமாம் அவர் எங்கள் ஆள்தான் என்று பதில் வந்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் அமைதி வந்தது.

அமைதி வந்ததே தவிரத் தெளிவு வரவில்லை. அடுத்த ஈமெயிலில் வால்டர், எங்கே சந்திக்கலாம் என்று நீயே சொல் என்று எழுதியிருந்தார். இன்டர்வியூ நடக்கிற இடத்தை இன்டர்வியூவுக்குப் போகிறவள் சொல்வாளா? நம் வீட்டுக்கு வரச் சொல், வடையும் பாயசமும் செய்கிறேன் என்றேன். வீட்டுக்கெல்லாம் வரக் கூடாதாம், நாலு பேர் புழங்குகிற இடமாக இருக்க வேண்டுமாம். சான்றிதழ் எதையும் கொண்டுவர வேண்டாம் என்று எழுதியிருந்தார். வசதியான உடையில் வரலாம் என்று எழுதியிருந்தார். எதையும் படித்துத் தயார் செய்ய வேண்டாம், சும்மா பேசலாம் என்று எழுதியிருந்தார். கடைசியில் வைத்தாரே ஒன்று, என்னிடம் கேட்க உனக்கும் சில கேள்விகள் இருக்கட்டும் என்று! அப்படியானால் யார் யாரை இன்டர்வியூ செய்கிறார்கள்?

சான்றிதழ் வேண்டாம் என்று அவர் சொன்னால் நான் விட்டுவிடுவேனா? ஒரு கனமான பைல் வாங்கி, பிறப்புப் பத்திரம் முதல் பாலர் பள்ளியில் வண்ணம் தீட்டியதற்குக் கொடுத்த தாள் வரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கினேன். கூட வேலை செய்கிற யோகேஸ்வரியிடம் யோசனை கேட்டேன். அவள் மகன் இரண்டு மூன்று இன்டர்வியூவுக்குப் போனவன். நாட்டுக் கோட்பாடு ருக்குன் நெகாராவைக் கேட்பார்கள், மாநிலத்து முதல்வர் மந்திரி பெசார் பெயர் கேட்பார்கள், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும் என்றாள். நான் சமைத்துக்கொண்டே ரூபினியை நிற்க வைத்து ருக்குன் நெகாராவை ஒப்பிக்கச் சொன்னேன். அவள் ஐந்தையும் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, இதை அவர் கேட்கவே மாட்டாரும்மா என்றாள். பின்னே என்னதான் கேட்பார் என்றேன். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்பார் என்றாள்.

அதைக் கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். ஏனென்றால் என் மகளுக்குப் பிடித்தது ஆந்தை.

சிரிக்காதீர்கள். நாங்கள் முன்பு இருந்த புக்கிட் சேராய் தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்த கித்தா மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு ரொம்ப காலமாகிறது. செம்பனைப் பழத்தை எலி தின்னும். எலியைப் பிடிக்க ஆந்தை வேண்டும் என்று தோட்டத்துக்காரர்கள் கம்பம் நட்டு அதன் மேல் மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். ரூபினி நாலாம் பாரத்தில் படிக்கும்போது பள்ளி வேலைக்காக அந்தப் பெட்டிகளைப் பார்க்கப் போனாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எந்தப் பெட்டியில் ஆந்தை தங்குகிறது, எதில் தங்கவில்லை, ஏன் தங்கவில்லை என்று எழுதிக்கொண்டே இருப்பாள். ஆந்தை எலியைத் தின்றுவிட்டு முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்குமாம். அந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்து, எங்கே காய வைத்திருந்தாள் தெரியுமா? என் தீபாவளி முறுக்கு டின்னில். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அடுத்த தாமான் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆந்தை கத்தினாலே ஆகாது என்று கதவைச் சாத்துகிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தில் ஆந்தையைப் பற்றிப் பேசலாமா? பரதநாட்டியம் என்று சொல், திருக்குறள் என்று சொல், வாய் தவறியும் ஆந்தை என்று சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவளிடம் பேசிப் பயனில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

இது இப்படியென்றால் என் வீட்டுக்காரர் செய்தது வேறு. ஓர் இடத்தில் காரியம் ஆக வேண்டுமென்றால் அங்கே நமக்குத் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கம் அதைக் கேபல் என்பார்கள். கேபல் இருந்தால் வேலை கிடைக்கும், லைசென்ஸ் கிடைக்கும், பள்ளியில் இடம் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஸ்கேம் இல்லை என்று ஆனதுமே, இந்த வால்டருக்கு யாரைத் தெரியும், யார் மூலமாகச் சொல்லி வைக்கலாம் என்று கிளம்பிவிட்டார். நம் ஆட்களில் இது ஒன்றும் கஷ்டமில்லை. கெடாவில் எந்தத் தமிழரைப் பார்த்தாலும் முதலில் நாம் கேட்பது, நீங்க எந்தத் தோட்டம் என்பதுதானே. தோட்டத்தைச் சொன்னால் போதும், அப்பா யார், தாத்தா யார், எந்தப் பிரட்டில் பேர் கொடுத்துப் பால்மரம் சீவினார்கள் என்று சரசரவென்று வந்துவிடும்.

பஸ்ஸில் கேட்டார், கோவிலில் கேட்டார், டயர் மாற்றுகிற கடையில் கேட்டார். வால்டர் என்று ஒருத்தர், ஹைடெக்கில் பெரிய இன்ஜினியர், எந்தத் தோட்டத்து ஆள்? கடைசியில் கரங்கானில் இருக்கும் நடராஜா சொல்லிவிட்டார். அவர் புக்கிட் சேராய் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே பிறந்த எந்தப் பிள்ளையையும் மறக்காதவர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் பல். "பிரேமா, அவரு நமக்கு யாருன்னு தெரியுமா? என் மச்சான் லா. சொந்த அத்தை மகன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இவருக்கு ஓர் அத்தை உண்டு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். என் மாமனார் சின்னையாவுக்கு ஒரே ஒரு தங்கை, மருதம்மாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவ வேதக்காரரைக் கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போய்விட்டாளாம். அன்றைக்கு மாமனார், எனக்குத் தங்கச்சியே இல்லை என்று லயத்து வீடுகளுக்கு முன்னால் நின்று சொன்னாராம். அதற்குப் பிறகு யார் மருதம்மாளைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், இது வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. பரஞ்சோதி அப்போது பிறக்கவே இல்லை. அப்படி ஓர் அத்தை இருந்ததாகச் சின்ன வயதில் காதில் விழுந்ததோடு சரி. மாமனாரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த மருதம்மாளின் மகன்தான் வால்டர். மகன் அமெரிக்காவில் படித்து வந்தது வரை நடராஜா கேள்விப்பட்டிருந்தார், அத்தை இப்போது இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய கேபல் உலகத்தில் உண்டா? எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று விளக்கேற்றப் போனேன். திரும்பிப் பார்த்தால் ரூபினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்ப்பா தேடுனீங்க?" என்றாள். "சொந்தக்காரங்க இன்டர்வியூ பண்ணக் கூடாதுப்பா. தெரிஞ்சா அவரு விலகிடணும். நானும் சொல்லணும். அதான் ரூல்."

நான் அவளைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். சொந்தம் என்றால் கூப்பிட்டு உட்கார வைப்பார்களா, எழுந்து போகச் சொல்வார்களா? எழுந்து போகச் சொல்வார்களாம். முன்பின் தெரியாதவர் சொன்னால்தான் நம்புவார்களாம், மாமன் மச்சான் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். சரி, இவர் விலகினால் வேறு ஆளைப் போடுவார்களா என்று கேட்டேன். போடலாம், போடாமலும் இருக்கலாம், வடக்கில் இந்த ஒருவர்தான், முடிவு தேதியும் நெருங்கிவிட்டது என்றாள். இன்டர்வியூ இல்லாமல் காலேஜ் எடுக்குமா? எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அமெரிக்காக்காரனிடம் எதைக் கேட்டாலும் இந்த லாம்தான்.

அங்கேயே நான் முடிவு கட்டினேன். வால்டருக்கு நாம் யாரென்று தெரியாது. நமக்குத் தெரியும் என்பது இந்த வீட்டுக்குள் மூன்று பேருக்கும் நடராஜாவுக்கும்தான் தெரியும். நடராஜாவிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பேசாமல் போவோம், பேசாமல் வருவோம். காலேஜ் கடிதம் வந்த மறுநாள் தட்டு எடுத்துக்கொண்டு போய் உறவு கொண்டாடிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் இல்லாத அத்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு இல்லாமல் இருந்தால் குறைந்து போய்விட மாட்டாள். இப்படித்தான் சொன்னேன். பரஞ்சோதி தலையை ஆட்டினார். ரூபினி அந்த ஈமெயிலைத் திறந்து மறுபடியும் படித்தாள். அப்புறம் அவளும் சரி என்றாள். அவளுக்கு அந்தக் காலேஜ் அவ்வளவு வேண்டியிருந்தது.

சுங்கைப் பட்டாணியில் கோவிலுக்கு எதிரே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு அங்கே கூட்டம் இருக்காது. பெற்றோர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் நானும் அவரும் கை கழுவுகிற இடத்துக்கு அருகே ஒரு மேசையில் உட்கார்ந்தோம். பைலை மட்டும் ரூபினியின் கையில் திணித்து அனுப்பினேன். மலாய்க்காரர்களின் நீள உடை பாஜு கூரோங்தான் போட்டிருந்தாள், அதில் மட்டும் என் பேச்சு ஜெயித்தது.

வால்டர் வந்தார். சாதாரணச் சட்டை, சாதாரணச் செருப்பு, முன்நெற்றி ஏறிய தலை. இன்ஜினியர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது, பரஞ்சோதி என் கையை மேசைக்கு அடியில் பிடித்தார். மாமனார் கண்ணாடியைத் துடைப்பது அப்படியேதான், ஊதி ஊதிச் சட்டை நுனியில். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குனிந்துகொள்ளுங்கள் என்று அவர் காலை மிதித்தேன்.

அங்கிருந்து பேச்சு கேட்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது. முதலில் ரூபினி நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் என்னவோ கேட்டார். இவள் நிமிர்ந்தாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். போச்சு, ஆந்தை வந்துவிட்டது. பிறகு விரலால் உருண்டை பிடித்துக் காட்டினாள். சாப்பிடுகிற கடையில் உட்கார்ந்துகொண்டு கக்கலைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த மனிதர் தேத்தண்ணியை ஆற விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சிரித்தார். குறுக்கே கேள்வி கேட்டார், அவள் மேசை மேல் விரலால் படம் போட்டு விளக்கினாள். என் மகள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் யார் அவளிடம் கேட்டோம்? பைல் மேசை ஓரத்தில் மூடியபடியே கிடந்தது.

முடிந்து இருவரும் எழுந்தார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள். ரூபினியின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது, காரியம் நன்றாக நடந்திருக்கிறது. நான் கோவில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். அத்தோடு அவர் வெளியே போயிருக்கலாம். போகவில்லை, அப்பா அம்மா எங்கே என்று ரூபினியிடம் கேட்டுவிட்டு நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

எங்கள் இருவருக்கும் வணக்கம் சொன்னார். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள், நிறையப் பேரிடம் பேசியிருக்கிறேன், இவள் மாதிரி பேசினவர்கள் குறைவு, நல்லபடியாக எழுதுவேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பரஞ்சோதியைப் பார்த்து, நம் ஆட்கள் யாரும் யாரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"பாப்பா புக்கிட் சேராய்ல ஆந்தை பார்க்குதாம். நீங்க எந்தத் தோட்டம்ண்ணே?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் என் வீட்டுக்காரர் யோசித்துப் பதில் சொல்லியிருப்பார். இந்தக் கேள்விக்கு யோசிக்க அவருக்குத் தெரியாது. "புக்கிட் சேராய்தான்" என்று வந்துவிட்டது.

வால்டர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். அவருடைய தமிழ் கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது, ஆனால் எல்லாம் புரிந்தது. தன் அம்மாவும் அந்தத் தோட்டம்தான் என்றார். அம்மா போன வருஷம் இறந்துவிட்டாராம். எங்களுக்கு அது அப்போதுதான் தெரியும். நான் வாயைத் திறக்கப் பயந்து தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

வால்டர் சொல்லிக்கொண்டே போனார். "நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. ஆனா அம்மா கடைசியில அதையேதான் பேசிட்டு இருந்தாங்க. நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி வருமாடா, எங்கண்ணன் வீட்டுலேர்ந்து யாராச்சும் சேலை கொண்டாந்து போர்த்துவாங்களாடான்னு. ஃபாதர் வந்து நின்னப்புறமும் பெட்டியை மூட வேணாம்னு கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சேன். யாரு வரப் போறா? யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை தோட்டத்துக்கே போய்ப் பார்த்தாராம். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். யாரைக் கேட்பது?

"மாமா பேரு சின்னையா" என்றார். "உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

நான் பரஞ்சோதியைப் பார்க்கவில்லை. ரூபினியைத்தான் பார்த்தேன். அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன சொல்வான்? என் மனதுக்குள் நான், சொல்லிவிடாதீங்க, சொல்லிவிடாதீங்க என்று சாமியிடம் வேண்டுகிற மாதிரி வேண்டினேன். உடனேயே, ஐயோ சொல்லிவிடுங்களேன் என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டினால் சாமிதான் என்ன செய்யும்?

"தெரியாது" என்றார் பரஞ்சோதி.

வால்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறார்கள், ரொம்ப நாள் ஆகிவிட்டது இல்லையா என்றார். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் ஊதிச் சட்டை நுனியில் துடைத்தார். எழுந்து, வரேண்ணே, வரேங்க்கா என்று எங்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"மாமா."

கூப்பிட்டது ரூபினி. அதுவரை அவரை மிஸ்டர் வால்டர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சின்னையா எங்க தாத்தா, மாமா. கோடி எங்கப்பாதான் கொண்டாந்திருக்கணும்."

வால்டர் அவளைப் பார்த்தார், அப்புறம் பரஞ்சோதியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். மச்சான், மச்சான் என்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்கு வரவில்லை. வால்டர் அவர் தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே ரூபினியிடம் பேசினார்.

"கண்ணு, இனிமே நான் உனக்கு எழுத முடியாது லா."

"தெரியும் மாமா" என்றாள் அவள்.

அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல் எனக்கு இருந்தது. இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், நாலு தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிக் கடைக்காரரிடம் கத்தினேன்.

வால்டர் அங்கேயே தன் போனில் காலேஜுக்கு எழுதினார். எழுதியதை ரூபினிக்குப் படித்துக் காட்டினார். இந்தப் பெண் எனக்கு உறவு என்று இன்றுதான் தெரிந்தது, அதை அவளேதான் சொன்னாள், அதனால் நான் அறிக்கை எழுதக் கூடாது, முடிந்தால் வேறு ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள் என்று எழுதியிருந்தாராம். ஆந்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். இவ்வளவு நேரம் அவள் பேசியது அவர் காதில் விழவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். வேறு ஆள் கிடைப்பாரா என்று கேட்டேன். கிடைக்கலாம் என்றார். இவரும் லாம்தான்.

கடையை விட்டு வெளியே வந்ததும் நான் நிறுத்தியிருந்த எங்கள் காடி பக்கம், கார் பக்கம் நடந்தேன். பரஞ்சோதி வரவில்லை. அதே வரிசையில் நாலு கடை தள்ளி இருக்கும் துணிக்கடைக்குள் நுழைந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். சேலைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் எனக்கே ஒரு சேலை தேர்ந்தெடுத்தவர் இல்லை.

கடைப் பெண் வந்து, யாருக்குண்ணே, என்ன வயசு என்று கேட்டாள்.

"எங்க அத்தைக்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வயசானவங்களுக்குன்னா வெளிர் நிறமாப் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று சேலைகளை விரித்துப் போட்டாள். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ரூபினி யாரும் திறந்து பார்க்காத அந்தப் பைலை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்னால் போய்ச் சேலைகளைப் புரட்டினாள்.

"மாமா, அவங்களுக்கு என்னா கலர் பிடிக்கும்?" என்று கேட்டாள்.